வேர்ட்பிரஸ் தளத்தைப் புதிய டொமைனுக்கு மாற்றுவது எப்படி?

தளத்தின் டொமைனை, அதாவது முகவரிப் பெயரை மாற்றுவது அரை நாள் வேலைதான். ஆனால், எட்டு வருடங்களாக யார் யாரோ மின்னஞ்சலிலும் வாட்ஸாப்பிலும் பகிர்ந்த பழைய சுட்டிகள் அன்றைக்கே செத்துவிடக் கூடாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான். ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் சேவை) மாறவில்லை, பெயர் மட்டும் மாறுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் காப்புநகல். கோப்புகள், தரவுத்தளம் இரண்டையும் உங்கள் கணினிக்கே இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கிய கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத காப்புநகலால் பயனில்லை.

அடுத்து, ஹோஸ்டிங் கணக்கில் புதிய டொமைனைச் சேர்த்து, அது பழைய தளத்தின் கோப்புறையையே காட்டும்படி அமையுங்கள். புதிய டொமைனின் நேம்சர்வரை (அது எந்த ஹோஸ்டிங்கில் உள்ளது என்று காட்டும் பதிவு) உங்கள் ஹோஸ்டிங்குக்கு மாற்றினால், அந்த மாற்றம் எங்கும் பரவச் சில மணி நேரம் ஆகலாம். தளத்துக்கும் வாசகருக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு வழியாக இலவசமாகவே கிடைக்கும். புதிய பெயர் ‘எச்டிடிபிஎஸ்’ முன்னொட்டுடன் உலாவி எச்சரிக்கை எதுவும் இல்லாமல் திறக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இனி தரவுத்தளம். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். தரவுத்தளக் கோப்பை எடிட்டரில் திறந்து பழைய பெயரை நேரடியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைச் சேமிக்கும்போது, சொல்லோடு அதன் நீளத்தையும் எழுதி வைக்கிறது. 18 எழுத்து என்று குறித்த இடத்தில் 22 எழுத்துள்ள பெயர் வந்து உட்கார்ந்தால், அந்த அமைப்பையே அதனால் படிக்க முடியாது. விட்ஜெட்களும் தீம் அமைப்புகளும் காணாமல் போகும். ‘பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்’ என்ற செருகுநிரல் இந்த நீளத்தையும் சேர்த்துத் திருத்திவிடும். தேடும் சொல், மாற்றும் சொல் இரண்டிலும் ‘எச்டிடிபிஎஸ்’ முன்னொட்டையும் சேர்த்தே கொடுங்கள். இல்லாவிட்டால் பழைய பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரிகளும் மாறிவிடும். ‘ஜியுஐடி’ (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய நிலையான அடையாளம்) பெட்டியைத் தொடாதீர்கள். முதலில் ‘டிரை ரன்’ (எதையும் மாற்றாத ஒத்திகை) ஓட்டி எத்தனை இடங்கள் மாறும் என்று பார்த்துவிட்டு, பிறகு உண்மையாக ஓட்டுங்கள். முடிந்ததும் புதிய முகவரியில் மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும்.

அடுத்தது வழிமாற்றம், அதாவது பழைய சுட்டியைத் திறப்பவரைப் புதிய முகவரிக்குத் தானாக அனுப்புவது. அதற்கு இரண்டு குறியீடுகள் உண்டு. 301 என்றால் நிரந்தரம், 302 என்றால் தற்காலிகம். நமக்கு வேண்டியது 301. பழைய தளத்தின் ஒவ்வொரு பக்கமும் புதிய தளத்தில் அதே பக்கத்துக்குப் போக வேண்டும். ஒரு நண்பரின் சமையல் தளத்தை மாற்றியபோது, எல்லாச் சுட்டிகளையும் முகப்புக்கே அனுப்பிவிட்டேன். வத்தக்குழம்பு தேடி வந்தவர்கள் முகப்பில் நின்று திரும்பிப் போனார்கள். கூகுளும் இத்தகைய வழிமாற்றத்தைப் பக்கமே இல்லாததற்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்ளும். சிபேனல் என்ற ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகத்தின் ‘ரீடைரக்ட்ஸ்’ பகுதியில் பழைய டொமைனை மட்டும் தேர்ந்தெடுத்து, ‘வைல்ட் கார்ட்’ பெட்டியில் மறக்காமல் குறியிடுங்கள்; அப்போதுதான் ஒவ்வொரு பக்கமும் தன் இணைப் பக்கத்துக்குப் போகும். பழைய டொமைனின் சான்றிதழையும் உயிரோடு வைத்திருங்கள். அது காலாவதியானால் வழிமாற்றத்துக்கு முன்பே உலாவி எச்சரிக்கை காட்டி வாசகரைத் தடுத்துவிடும்.

பழைய சுட்டிகள் பத்தை எடுத்து, மறைநிலைச் சாளரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். படம் உள்ள பக்கம், பகுப்புப் பக்கம், மிகப் பழைய பதிவு எல்லாம் அதில் இருக்கட்டும்.

கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலில் இரண்டு டொமைன்களும் உங்களுடையவை என்று உறுதிசெய்து, பழையதன் அமைப்புகளில் ‘முகவரி மாற்றம்’ என்பதைக் கொடுங்கள். புதிய சைட்மேப்பையும் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) சமர்ப்பியுங்கள். தேடலில் வரும் வாசகர்கள் சில வாரங்களுக்குக் குறையலாம்; பதறி எதையும் திருப்பி மாற்றாதீர்கள்.

வழிமாற்றத்தைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். என்னைக் கேட்டால், பழைய பெயரை விடவே கூடாது. விட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம். வாங்கியவருக்கு உங்கள் பழைய முகவரிக்கு வரும் கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சல்களும் போய்ச் சேரும். அதனால் பழைய டொமைனின் எம்எக்ஸ் பதிவுகளை (மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்பவை) அழிக்காமல், தானியங்கிப் புதுப்பித்தலை இன்றே இயக்கிவிடுங்கள்.