உணவக மென்பொருள் நிறுவனத்தின் இயக்குநர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? நாமே தேடிப் பார்க்கும் முறை

போன மாதம் எங்கள் பங்குச் சந்தைப் படிப்பு வட்டத்தில் டோஸ்ட் நிறுவனத்தைப் பற்றிப் பேச வேண்டிய முறை என்னுடையது. பாஸ்டன் நிறுவனம். உணவகங்களுக்கு பில் போடுவதில் தொடங்கி சமையலறைத் திரை, ஊழியர் சம்பளம் வரை மென்பொருள் தருகிறது. 2021 செப்டம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. இயக்குநர் குழு விவரத்தை ஒரு தகவல் தளத்திலிருந்து எடுத்து அப்படியே போட்டுவிட்டேன். தலைமைச் செயல் அதிகாரி கிறிஸ் கம்பராட்டோ என்று அதில் இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர் அமன் நாரங். கேட்டுக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் அதைச் சொன்னார். அன்று இரவே உட்கார்ந்து, மூல ஆவணங்களிலிருந்து முழுவதையும் மறுபடி செய்தேன். அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: எட்கர் தளத்துக்குப் போங்கள்

அமெரிக்கப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் எஸ்இசி ஆணையத்தின் ஆவணக் கிடங்குதான் எட்கர். கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. தேடும் பெட்டியில் நிறுவனத்தின் பெயரைவிட பங்குக் குறியீட்டைக் கொடுப்பது நல்லது. டோஸ்டுக்கு அது 'டிஓஎஸ்டி'. பெயரைக் கொடுத்தால் அதே சொல் உள்ள வேறு நிறுவனங்களும் சேர்ந்து வரும்.

படி 2: சரியான ஆவணத்தை எடுங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆண்டறிக்கை என்றாலே 10-கே என்று மனதில் பதிந்திருந்ததால் அதைத்தான் முதலில் திறந்தேன். உள்ளே 10ஆவது பிரிவு இயக்குநர்களைப் பற்றியது. ஆவலோடு அங்கே போனால் இருப்பது ஒரே ஒரு பத்தி. இந்த விவரங்கள் ப்ராக்ஸி அறிக்கையிலிருந்து (பங்குதாரர் கூட்டத்தில் வாக்களிப்பதற்காக நிறுவனம் அனுப்பும் ஆவணம்) 'இன்கார்ப்பரேட்டட் பை ரெஃபரன்ஸ்', அதாவது அங்கே உள்ளதை இங்கேயும் உள்ளதாகக் கொள்ளுங்கள் என்கிறது. இணைப்பும் இல்லை. ஆவணமே முழுமையாக இல்லையோ என்று நினைத்து, வேறு ஆண்டின் 10-கேக்களையும் திறந்து பார்த்து அரை மணி நேரம் போனது.

விஷயம் எளிதானதுதான். நிதியாண்டு முடிந்த 120 நாட்களுக்குள் ப்ராக்ஸி அறிக்கையைத் தாக்கல் செய்வதாக இருந்தால், இயக்குநர் விவரங்களை 10-கேயில் எழுதாமல் அதற்குத் தள்ளிவிட விதி இடம் தருகிறது. டோஸ்டின் நிதியாண்டு டிசம்பர் 31-ல் முடிகிறது. ஆகவே ஏப்ரல் மாத ஆவணங்களைப் பாருங்கள். எட்கரில் ப்ராக்ஸி அறிக்கையின் பெயர் 'டெஃப் 14ஏ'. ஆவண வகைப் பெட்டியில் அதைக் கொடுத்து வடிகட்டினால் ஆண்டுக்கு ஒன்று என்று வரிசையாக நிற்கும்.

நிறுவனம் இப்போதுதான் சந்தைக்கு வந்திருக்கிறது என்றால் ப்ராக்ஸி இருக்காது. அப்போது எஸ்-1 ஆவணத்தில் (சந்தைக்கு வரும் முன் நிறுவனம் தாக்கல் செய்யும் பதிவு ஆவணம்) 'மேனேஜ்மென்ட்' பகுதியைப் பாருங்கள்.

படி 3: ஒவ்வொருவர் குறிப்பின் கடைசி வாக்கியத்தைப் படியுங்கள்

எஸ்இசியின் தகவல் வெளியீட்டு விதிகளான ஒழுங்குமுறை எஸ்-கே, பிரிவு 401-ன்படி ஒவ்வொரு இயக்குநரும் கடந்த 5 ஆண்டுகளில் பார்த்த வேலையையும், அதே காலத்தில் இருந்த பிற பொது நிறுவனங்களின் குழுக்களையும் சொல்லியாக வேண்டும். கூடவே, இவரை ஏன் குழுவில் வைத்திருக்கிறோம் என்பதையும் நிறுவனம் எழுத வேண்டும். குறிப்பின் முடிவில் இந்தக் காரணம் வரும். பலரும் பட்டம், பதவிப் பெயர்களைப் படித்துவிட்டு இதைத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் மிக முக்கியம். நிறுவனம் தனக்கு எது குறைவு என்று நினைக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

படி 4: அட்டவணை போடுங்கள்

சாதாரண விரிதாளே போதும். இதற்கென்று சந்தா கட்டி வாங்கும் மென்பொருள் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்தே பத்திகள் (மேலிருந்து கீழாக வரும் நெடுவரிசைகள்): பெயர், வளர்ந்த துறை, யார் வழியாக வந்தார், வேறு குழுக்கள், சமையலறைப் பக்கம் வேலை பார்த்தவரா. கையால் தட்டச்சு செய்யுங்கள். நகலெடுத்து ஒட்டினால் மனதில் நிற்காது.

டோஸ்ட் குழுவில் இடம்பெற்றவர்களில் சிலரை இப்படி நிரப்பினேன். மார்க் ஹாக்கின்ஸ்: லாஜிடெக், ஆட்டோடெஸ்க், சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனங்களில் தலைமை நிதி அதிகாரி. ஹிலரி கோப்லோ-மெக்ஆடம்ஸ்: ஆரக்கிள், சேல்ஸ்ஃபோர்ஸ், நியூ ரெலிக் என்று மென்பொருள் விற்பனைப் பக்கம். சூசன் சாப்மன்-ஹியூஸ்: அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். கென்ட் பென்னட்: பெஸ்ஸமர் முதலீட்டு நிறுவனம், அதாவது பணம் போட்டவர் தரப்பு. டெவால் பேட்ரிக்: வழக்கறிஞர். 2007 முதல் 2015 வரை மாசசூசெட்ஸ் ஆளுநர், அதற்கு முன் டெக்ஸகோ, கோகோ கோலா நிறுவனங்களில் தலைமைச் சட்ட ஆலோசகர், பிறகு பெய்ன் கேபிடல் முதலீட்டு நிறுவனம்.

கடைசிப் பத்தியைக் கீழே வரைக்கும் பாருங்கள். 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. உணவகத்துக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம், ஆனால் நான் நிரப்பிய வரிசையில் உணவகம் நடத்தி வளர்ந்தவர் ஒருவரும் இல்லை. பணப் பரிவர்த்தனை, நிதி, மென்பொருள் விற்பனை ஆகியவற்றில் ஆள் பலம் அதிகம். இதைக் குறை என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் அட்டவணை போட்ட பிறகுதான் இது என் கண்ணில் பட்டது.

படி 5: 5 ஆண்டுகளுக்கு முன்னால் போங்கள்

விதி கேட்பது 5 ஆண்டுகள்தான். அதனால் பழைய வேலைகள் குறிப்பில் சுருங்கிவிடும். டோஸ்டில் அப்படி விட்டுப்போகக் கூடிய பெயர் எண்டெகா என்ற மென்பொருள் நிறுவனம். நிறுவனர்களான அமன் நாரங், ஸ்டீவ் ஃப்ரெடெட், ஜொனாதன் கிரிம் மூவரும் அங்கே வேலை பார்த்தவர்கள். 2011-ல் அதை ஆரக்கிள் வாங்கியது. கம்பராட்டோவும் எண்டெகாக்காரர்தான். ஆக, வெளியிலிருந்து வந்த தலைவர் என்று நான் நினைத்தவர் உண்மையில் பழைய சகா! எஸ்-1 ஆவணத்தையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் படித்தால் இப்படிப்பட்ட இழைகள் பிடிபடும். லிங்க்ட்இன் பக்கத்தைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

அப்புறம், ப்ராக்ஸி வந்த பிறகு யாராவது விலகினாலோ சேர்ந்தாலோ, முக்கிய மாற்றங்களை உடனுக்குடன் அறிவிக்கும் 8-கே ஆவணத்தில் 5.02 என்ற எண்ணின் கீழ் வரும். அட்டவணையை முடிக்கும் முன் அதைக் கட்டாயம் பாருங்கள். நான் செய்த பிழையைத் தடுத்திருக்கக் கூடியது இந்தப் படிதான்.

சேர்க்கை: உணவகங்களுக்கு மென்பொருள் தரும் இன்னொரு நிறுவனமான ஓலோவுக்கு இதையே செய்து பார்த்த வாசகர் ஒருவர், புதிய ப்ராக்ஸியே வரவில்லை என்று பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். ஓலோவை 2025-ல் தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கித் தனியார் ஆக்கிவிட்டது. பங்கு சந்தையிலிருந்து விலகியதும் புதிய தாக்கல்கள் நின்றுவிடும், பழையவை எட்கரில் அப்படியே இருக்கும். அதன் 2021 எஸ்-1 ஆவணத்தைத் திறந்து பாருங்கள். ஷேக் ஷேக் பர்கர் கடைகளைத் தொடங்கிய டேனி மேயர் குழுவில் இருக்கிறார். அட்டவணையின் கடைசிப் பத்தியில் ஒரு 'ஆம்' ஆவது விழும்.