ஃபைனான்ஸ் கம்பெனியோடு தகராறா? முதலில் பேப்பர், அப்புறம் சண்டை

பேட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் பைக் லோனை முழுதாகக் கட்டி முடித்துவிட்டு என்.ஓ.சி. (பாக்கி இல்லை என்ற சான்று) கேட்கப் போனால், இன்னும் 4,130 ரூபாய் பாக்கி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "கட்டின காசு எங்கடே போச்சு?" என்று ஸ்டேட்மென்ட்டோடு என்னிடம் வந்தார்.

இங்கேதான் தொடங்க வேண்டும். ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுன்டை மெயிலில் கேட்டு வாங்கி, பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் வரிவரியாக டிக் அடியுங்கள். அண்ணாச்சிக்குத் தவணை 5-ஆம் தேதி, கடை வசூல் பேங்குக்குப் போவதோ 7-ஆம் தேதி. ஏழு தடவை ஆட்டோ டெபிட் (தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுப்பது) பணமில்லாமல் திரும்பியிருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் அபராதம் 500 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 590. ஆனால் அதில் மூன்று, அவர் நேரில் பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகும் மறுபடி டெபிட்டுக்கு அனுப்பியதால் வந்தவை. அந்த 1,770-க்குத்தான் சண்டை. மிச்ச நாலும் அவர் தப்புதான், அதைக் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டோம்.

அடுத்து, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: லோன் நம்பர், எந்தெந்த வரி தப்பு, உங்களுக்கு என்ன வேண்டும். மெயிலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன், அதாவது வாடிக்கையாளர் புகாரை விசாரிக்கும் அதிகாரி. செலவில்லை, வக்கீல் வேண்டாம், விவரம் கேட்க 14448. ஒன்று கவனியுங்கள், அதே விஷயத்தை ஏற்கெனவே கோர்ட்டில் போட்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார், அதனால் கோபத்தில் வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பெண்கள் பெயரில் லோன் என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம்.

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. மீறினால் நேரத்தைக் குறித்து வையுங்கள். ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்ப்பது) நோட்டீஸ் வந்தால் மட்டும் மளிகை மடிக்கப் போட்டுவிடாதீர்கள். கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஒருவரை ஆர்பிட்ரேட்டராக, அதாவது நடுவராக, நியமிக்க முடியாது என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதைக் காட்டி உடனே எதிர்ப்பை எழுதி அனுப்புங்கள்.

அண்ணாச்சிக்கு 26-ஆம் நாள் 1,770-ஐக் கழித்துவிட்டார்கள். மீதியைக் கட்டி என்.ஓ.சி.யும் வாங்கியாச்சு. இனி ஃபார்ம் 35-ஓடு ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யிலிருந்து கம்பெனி பெயரை எடுக்க வேண்டும். "கடையை யாரு பாப்பா?" என்று இன்னும் போகாமல் இருக்கிறார்.