நம்ம டீம் இல்லாத பிளே-ஆஃப்: மதுரையிலிருந்து நத்தம் போய்ப் பார்ப்பது எப்படி

2025 டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) சீசனில் நம்ம டீமான மதுரை பாந்தர்ஸ் பிளே-ஆஃபுக்குத் தேவையான முதல் நாலு இடத்துக்குள் வரவில்லை. ஆனால் அந்த வருடம் பிளே-ஆஃப் ஆட்டங்கள் அத்தனையும், இறுதிப் போட்டி உட்பட, நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்தன. "மதுரைதான் இல்லையே, அப்புறம் எதுக்குப் போறீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். நானும் என் மனைவியின் தம்பியும் வெள்ளிக்கிழமை குவாலிஃபயர் 2, ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் இரண்டுக்கும் போய் வந்தோம். அதற்குப் பிறகு நண்பர்கள் பலர் விவரம் கேட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதல் முறை மைதானத்துக்குப் போகிறவர்களுக்காக எழுதியது. கிரிக்கெட் விதிகளை இங்கே விளக்கப் போவதில்லை.

படி 1: எந்த ஆட்டம் என்று முடிவு செய்யுங்கள்

லீக் பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் குவாலிஃபயர் 1 ஆடும். ஜெயித்த அணி நேராக ஃபைனலுக்குப் போய்விடும், தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாவதும் நாலாவதும் எலிமினேட்டர் ஆடும், அதில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எலிமினேட்டரில் ஜெயித்த அணியும் குவாலிஃபயர் 1-இல் தோற்ற அணியும் மோதுவது குவாலிஃபயர் 2.

ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் போக முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குவாலிஃபயர் 2-க்குப் போங்கள். ஃபைனலில் மேளதாளம், வாணவேடிக்கை, பரிசளிப்பு எல்லாம் இருக்கும். ஆனால் தோற்றாலும் இரண்டாம் இடம் என்ற ஆறுதல் அங்கே இருக்கிறது. குவாலிஃபயர் 2-இல் அது கிடையாது. 2025-இல் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் லீக் ஆட்டம் ஏழையும் ஜெயித்துவிட்டு வந்த அணி. குவாலிஃபயர் 1-இல் திருப்பூரிடம் தோற்று, வெள்ளிக்கிழமை திண்டுக்கல் டிராகன்ஸிடமும் தோற்று வெளியே போனது. ஒரு சீசன் முழுக்கத் தோற்காத அணி நான்கே நாளில் காணாமல் போவதை நேரில் பார்ப்பது வேறு மாதிரி அனுபவம்.

படி 2: டிக்கெட்டை நம்ம டீமின் கணக்கோடு முடிச்சுப் போடாதீர்கள்

"இன்னும் ரெண்டு மேட்ச் ஜெயிச்சா, ரன் ரேட் கூடினா, அவங்க தோத்தா" என்று மதுரை ரசிகர்கள் எல்லாரும் போடும் கணக்கு எனக்கும் தெரியும். அந்தக் கணக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் நல்ல இடத்து டிக்கெட் போய்விடும். மதுரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவேன் என்று முதலிலேயே மனதில் முடிவு செய்துகொண்டு விற்பனை தொடங்கியதும் வாங்கிவிடுங்கள். எப்படியும் ஃபைனலில் யார் யார் ஆடுவார்கள் என்பது வெள்ளிக்கிழமை இரவு வரை யாருக்கும் தெரியாது.

வாங்கியதும் டிக்கெட்டை போனில் படமாகச் சேமித்து வையுங்கள். கூட்டம் கூடியதும் நெட் படுத்துவிடும். வாசலில் நின்றுகொண்டு செயலியைத் திறக்கப் பார்க்கிறவர்களால்தான் வரிசை நகராமல் நிற்கிறது.

படி 3: "திண்டுக்கல்" என்று எழுதியிருந்தால் திண்டுக்கல்லுக்குப் போகாதீர்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அட்டவணை, டிவி எல்லாவற்றிலும் மைதானத்தின் பெயர் "என்.பி.ஆர். கல்லூரி மைதானம், திண்டுக்கல்" என்றுதான் இருக்கும். இங்கே திண்டுக்கல் என்பது மாவட்டத்தின் பெயர். மைதானம் இருப்பது நத்தத்தில். டி.என்.பி.எல். தொடங்கிய 2016-லிருந்தே இங்கே ஆட்டங்கள் நடக்கின்றன, ஆனாலும் வெளியூர்க்காரர்கள் இன்னும் இதில் தடுமாறுகிறார்கள்.

2019-இல் ஒரு லீக் ஆட்டத்துக்குப் போனபோது நானும் தடுமாறினேன். மதுரை ஜங்ஷனில் ரயில் ஏறி, சரியான நேரத்துக்குத் திண்டுக்கல்லில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் மைதானம் போக வேண்டும் என்றேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு, "தம்பி, அது நத்தத்துல இருக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க" என்றார். பஸ் கிடைத்து உட்கார்ந்ததும் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டேன். "எங்கருந்து வர்றீங்க?" என்றார். மதுரை என்றதும் அவர் சொன்ன வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது: "மதுரையிலேயே நத்தம் பஸ் ஏறியிருந்தா இந்நேரம் உள்ள உக்காந்திருப்பீங்களே." மைதானத்துக்குள் நுழையும்போது பவர்பிளே முடிந்திருந்தது.

ஆகவே, மதுரையிலிருந்து போகிறவர்கள் நத்தம் சாலையில் நேராகப் போங்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திண்டுக்கல் வழியாகப் போனால் ஊரைச் சுற்றிக்கொண்டு அதைப் போல இரண்டரை மடங்கு தூரம் வரும். விருதுநகர் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் மதுரைக்கு வந்து இந்தச் சாலையைப் பிடிப்பதே நல்லது. பஸ் என்றால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஏறுங்கள்.

படி 4: எப்போது, எதில் கிளம்புவது

2025-இல் டாஸ் 6:45, முதல் பந்து 7:15. நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை என்றால் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிடுங்கள், "பெர்மிஷன்" போதாது.

என் வாக்கு பைக்குக்குத்தான். ஆட்டம் முடிந்து கார் நிறுத்தத்திலிருந்து வெளியே வர ஆகும் நேரத்தில் பைக்கில் பாதித் தூரம் வந்துவிடலாம். வைகைக்குத் தென்கரையில் இருப்பவர்கள் கோரிப்பாளையம் வழி எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது அங்கே பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது. குருவிக்காரன் சாலைப் பாலத்தில் ஆற்றைக் கடந்து, ரேஸ்கோர்ஸ் பக்கமாக வந்து நத்தம் சாலையைப் பிடித்தோம். பெட்ரோலை ஊருக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தல்லாகுளத்தில் பறக்கும் பாலம் ஏறினால் 7.3 கிலோமீட்டருக்கு எதுவும் கிடையாது. 2023-இல் இந்தப் பாலம் திறந்த பிறகுதான் நத்தம் நமக்கு உண்மையிலேயே பக்கத்து ஊரானது. முன்பெல்லாம் ஊமச்சிக்குளம் தாண்டுவதற்குள்ளேயே பாதித் தெம்பு போய்விடும். பாலத்தில் சாலை நன்றாக இருக்கிறது என்று முறுக்காதீர்கள், மேலே எதிர்க்காற்று சும்மா இருக்காது. வழியில் சுங்கச்சாவடி வரும். பைக்குக்குக் கட்டணம் இல்லை, ஓரத்து வழியில் போய்விடலாம்.

ஜூலை முதல் வாரம் மாம்பழ சீசனின் வால். நத்தம் பக்கம் முழுக்கத் தோப்புகள். போகும்போது சாலையோரத்தில் காசாலட்டு மாம்பழம் கிடைத்தால் அப்போதே வாங்கி வண்டிப் பெட்டியில் வையுங்கள், இரவு திரும்பும்போது கடை இருக்காது. நாங்கள் வாங்கிய இரண்டு கிலோவில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றரை.

படி 5: கையில் என்ன வேண்டும்

ஒரு துண்டு. தொப்பி வேண்டாம். ஆறு மணி வெயிலுக்குத் தலையில் போடலாம், இருக்கையைத் துடைக்கலாம், விளக்கு எரிந்ததும் வரும் பூச்சியை விரட்டலாம், ஜெயித்தால் சுற்றலாம். வாசலில் பையைச் சோதிப்பார்கள் என்பதால் தண்ணீர் பாட்டில், சாப்பாடு எல்லாம் கொண்டுபோய்த் தகராறு பண்ண வேண்டாம். வரும் வழியிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். ஹெல்மெட் கண்ணாடி தெளிவானதாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட்டோடு ராத்திரி நத்தம் சாலையில் திரும்புவது ஆபத்து.

படி 6: டாஸுக்கு முன்னால் ஒரு பக்கம் சேருங்கள்

நம்ம டீம் ஆடாதபோது ஆட்டம் சப்பென்று போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் செய்யும் தவறு, "யார் ஜெயிச்சா நமக்கென்ன" என்று உட்காருவது. அப்படி உட்கார்ந்தால் பத்தாவது ஓவரில் போனை எடுத்துவிடுவீர்கள். டாஸ் போடும் முன்பே ஒரு பக்கம் சேர்ந்துவிடுங்கள், ஆட்டம் முடியும் வரை மாறாதீர்கள்.

எந்தப் பக்கம்? 2018-இல் மதுரை கோப்பை வென்றபோது ஃபைனலில் நம்மிடம் தோற்றது திண்டுக்கல்தான். அந்தப் பழைய போட்டி நமக்குள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மைதானம் அவர்களுடையது, சுற்றி உட்கார்ந்திருப்பதும் அவர்கள் ஆட்கள். வெள்ளிக்கிழமை நாங்கள் இருவருமே திண்டுக்கல் பக்கம் சேர்ந்தோம்.

பாந்தர்ஸ் ஜெர்சியைப் போட்டுக்கொண்டுதான் போனேன். என் மைத்துனன் தயங்கினான். "மச்சான், அவங்க ஊர்ல இதப் போட்டா கிண்டல் பண்ணுவாய்ங்க." ஒருத்தரும் கிண்டல் பண்ணவில்லை. பக்கத்து இருக்கையில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், பேரனோடு வந்திருந்தார், சாணார்பட்டிக்காரர். ஜெர்சியைப் பார்த்துவிட்டு, "மதுரையா தம்பி? ஒங்க ஆளுங்க இல்லாமயே வந்திருக்கீங்களே, ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று தள்ளி இடம் விட்டார். அடுத்த நாலு மணி நேரம் அவர் எங்களுக்கு மாமாவாகிவிட்டார்.

சேப்பாக் 178 எடுத்தது. திண்டுக்கல் துரத்தும்போது நடுவில் ஆட்டம் கைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. பெரியவர் பேசுவதை நிறுத்திவிட்டார். அப்புறம் வந்தது அந்த ஒரு ஓவர். திண்டுக்கல்லின் விமல் குமார் ஒரே ஓவரில் 34 அடித்தார். மூன்றாவது சிக்ஸருக்கு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நான்காவதுக்குப் பெரியவர் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு இருக்கை மேலேயே ஏறிவிட்டார். ஐந்தாவதில் பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை, ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடித்திருந்தேன், இன்னொரு கையில் பேரன். விமல் குமார் மொத்தம் 30 பந்தில் 65. திண்டுக்கல் 4 விக்கெட்டில் ஜெயித்தது. என் துண்டு பேரன் கையில் சுற்றிக்கொண்டிருந்தது.

நம்ம டீம் ஆடியிருந்தால் நான் அந்த ஓவர் முழுக்க ரன் ரேட்டைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

படி 7: சனிக்கிழமை

ஆட்டம் இல்லை. தூங்குங்கள். வெளியூரிலிருந்து வந்து மதுரையில் தங்குகிறவர்கள் காலையில் அழகர்கோவில் போய், மலையேறி நூபுர கங்கையில் குளித்துவிட்டு வரலாம். அதற்கு மேல் அலையாதீர்கள், ஞாயிறு ராத்திரி நீளமானது.

படி 8: திரும்பி வருவது

ஃபைனலில் திருப்பூர் தமிழன்ஸ் 5 விக்கெட்டுக்கு 220. துஷார் ரஹேஜா 77, அமித் சாத்விக் 65. திண்டுக்கல் 102-க்குச் சுருண்டது. பாதியிலேயே உள்ளூர்க் கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. இந்த இடத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள், "நெரிசலுக்கு முன்னால கிளம்பிரலாம்" என்று. கிளம்பாதீர்கள். முன்னால் போகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்பார்கள். கடைசி விக்கெட்டையும் கோப்பை கொடுப்பதையும் பார்த்துவிட்டு நிதானமாக வந்தால் சாலை காலியாக இருக்கும். தவிர, முதல் கோப்பையைத் தூக்கும் அணியைக் கூட்டமே இல்லாத வேலியோரத்தில், பத்தடி தூரத்தில் நின்று பார்க்கலாம். நாங்கள் பார்த்தோம். 2018-இல் நமக்கு இருந்த மகிழ்ச்சி அதேதான், சட்டை நிறம்தான் வேறு.

ராத்திரி நத்தம் சாலையில் ஆடு மாடு குறுக்கே வரும். ஊர்கள் வரும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். இருவர் போனால் பாதி வழியில் ஆள் மாற்றி ஓட்டுங்கள். மதுரைக்குள் வந்துவிட்டால் பசிக்குக் கவலை இல்லை, எந்நேரமும் இட்லி கிடைக்கும் ஊர்.

பின்சேர்க்கை: பஸ்ஸில் போன இரண்டு பேர் எழுதிக் கேட்டதற்காக இது. ஆட்டம் முடிய பதினொன்றைத் தாண்டும், அதற்குப் பிறகு பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள். போகும்போதே திரும்பி வர ஒரு பைக்கையோ காரையோ பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஃபைனலுக்கு மறுநாள் ஜூலை 7 திருச்செந்தூர் கும்பாபிஷேகம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியே முருகன் பக்தர்களால் நிரம்பியிருந்தது. டிக்கெட் வாங்கும்போதே அந்த வாரக் காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். கோவில் விசேஷம் இருந்தால் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்கூட்டியே கிளம்புங்கள்.