முட்டையும் வேண்டாம், பாலும் வேண்டாம்: பினாங்கு அடுப்படியில் கேக்கும் சம்பாலும்

எங்கள் வீட்டில் கேக் வெட்டினால் அதை எல்லோரும் சாப்பிட வேண்டும் என்பது என் பிடிவாதம். அத்தை சுத்த சைவம், முட்டை கலக்கிய பாத்திரத்தைக்கூடத் தனியாகக் கழுவச் சொல்வார். தங்கை மகனுக்குப் பால் சேராது, உடம்பெல்லாம் தடித்துவிடும். பக்கத்து வீட்டு அண்ட்டி சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். இந்த மூன்று பேருக்கும் ஒரே பாத்திரத்தில் செய்ய வேண்டுமென்றால், செடியிலும் மரத்திலும் விளைவதை வைத்துத்தான் செய்தாக வேண்டும்.

இதற்காகப் பேரங்காடிக்குப் போய், பெட்டியில் உறைய வைத்து விற்கிற, பால் சேர்க்காத வெளிநாட்டுச் சீஸையும் 'இறைச்சி மாதிரி' உருண்டைகளையும் வாங்காதீர்கள். விலையும் அதிகம், நம் வாய்க்கும் அது ஏறாது. ஜாலான் பினாங்கிலுள்ள சௌராஸ்தா மார்க்கெட்டுக்குக் காலையில் போனால் போதும். தெம்பே (நொதித்த சோயாக் கட்டி), கெட்டித் தவ்ஹூ (சோயாப் பாலில் செய்த டோஃபு), ஃபூச்சோக் (சோயாப் பால் ஆடை), தவ்கே (முளைப்பயறு), துருவிப் பிழிந்த தேங்காய்ப்பால், வாசத்துக்குப் போடும் பாண்டான் இலை எல்லாம் கிடைக்கும். பருப்பு, ஆளி விதை, நல்லெண்ணெய் வாங்க லெபோ பாசார் பக்கம் நம் மளிகைக் கடைகள் இருக்கின்றன. சோயா பால் வாங்கும்போது மட்டும் 'கோசோங்' (வெறும் பால்) என்று சொல்லிக் கேளுங்கள். சொல்லாவிட்டால் சர்க்கரை போட்டதைத்தான் ஊற்றித் தருவார்கள், அதை வைத்துக் குழம்பும் வைக்க முடியாது, கேக்கின் இனிப்பும் கணக்கு தப்பும்.

பாக்கெட் பொருளென்றால் பின்பக்கம் படிக்காமல் கூடையில் போடக் கூடாது. மலாயில் சூசு என்றால் பால், தெலூர் என்றால் முட்டை, மென்தேகா என்றால் வெண்ணெய், மாடு என்றால் தேன் (நம் மாடு இல்லை). செர்புக் சூசு பால் பவுடர், பெப்பெஜால் சூசு பாலின் திடப்பொருள். பல மார்ஜரினில், ரொட்டியில், சாதாரண பிஸ்கட்டில்கூட இவை ஒளிந்திருக்கும். முன்பக்கம் 'வெஜிடேரியன்' என்று பச்சையாக எழுதியிருப்பதை நம்பிவிட முடியாது, அதில் பாலோ முட்டையோ இருக்கலாம். ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டிலிருந்தால் 'மெங்காண்டுங்கி' (இதில் அடங்கியிருப்பது) என்று தொடங்கும் வரியையும், அதே ஆலையில் பால் பொருள் செய்கிறார்கள் என்ற எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி முட்டை. 'முட்டைக்குப் பதில் என்ன போடுவது?' என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் பண்டத்தில் முட்டை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். கட்லெட்டில் அது ஒட்ட வைக்கிறது. அந்த வேலையை அவித்த உருளைக்கிழங்கே செய்துவிடும். பிஸ்கட்டில் ஒட்ட வேண்டுமென்றால் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் விடுங்கள், வழுவழுவென்று ஆகிவிடும், அது ஒரு முட்டைக்குச் சமம். பன்னுக்கு மேலே பளபளப்புக்குத் தடவுவதென்றால் சோயா பாலில் கொஞ்சம் சர்க்கரை கரைத்துத் தடவலாம். நுரையாக அடிக்க வேண்டியதற்கு டின்னில் வரும் கொண்டைக்கடலைத் தண்ணீர். 2014-ல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் அது முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்கிறது என்று காட்டினார், அடுத்த வருடம் அமெரிக்கர் கூஸ் வோல்ட் அதற்கு அக்குவாஃபாபா என்று பெயர் வைத்தார். கேட்க அதிசயமாக இருக்கும், ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் அதில் சுட்ட மெரிங் என்ற நுரை இனிப்பு சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துவிடும். நான் அதன் பக்கம் போவதில்லை.

கேக்கில் முட்டையின் பெரிய வேலை எழுப்பி விடுவது. அதைப் புளிப்பும் சோடாவும் சேர்ந்து செய்யும்.

வாழைப்பழக் கேக்குக்கு நான் எடுப்பது பிசாங் மாஸ் என்ற சின்ன வாழைப்பழம். தோலில் கரும்புள்ளி விழுந்து, கடைக்காரர் விலை குறைத்துத் தரும் பதத்தில் இருக்க வேண்டும். உரித்த பழம் 300 கிராம், சிறிய பழமென்றால் ஏழெட்டு வரும். பெராங்கான் வகை வாழைப்பழத்திலும் செய்யலாம், வாசம் கொஞ்சம் குறையும். இதோடு வெள்ளைக் கோதுமை மாவு 220 கிராம், கூலா மலாக்கா (தென்னை வெல்லம்) 120 கிராம், எண்ணெய் 90 மில்லி, தேங்காய்ப்பால் 60 மில்லி, பேக்கிங் சோடா ஒரு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சையின் சாறு ஒரு மேசைக்கரண்டி. மூன்று நான்கு பழம் பிழிந்தால் அந்தச் சாறு வந்துவிடும்.

கூலா மலாக்காவைக் கத்தியால் சீவித் தேங்காய்ப்பாலில் போட்டு, சின்ன தீயில் கரையும் வரை மட்டும் சூடாக்குங்கள், கொதிக்க விட வேண்டாம். கரைந்ததும் வடிகட்டியே ஆக வேண்டும். வடிகட்டியின் அடியில் பாருங்கள், நாரும் கறுப்புத் தூளும் தங்கியிருக்கும். அப்படியே ஊற்றினால் கேக்கைக் கடிக்கும்போது நறநறக்கும். வெதுவெதுப்பாக ஆறியதும் மசித்த பழம், எண்ணெய் இரண்டையும் அதில் கலக்குங்கள்.

மாவு, சோடா, பவுடர், உப்பு நான்கையும் வேறு பாத்திரத்தில் சலித்து வையுங்கள். ஓவன் அடுப்பை 170 டிகிரியில் கால் மணி நேரமாவது சூடேற்றி, தட்டில் எண்ணெய் தடவித் தாள் போட்டு எல்லாம் தயாரான பிறகுதான் பழக் கலவையில் லிமாவ் சாற்றை ஊற்றி, மாவைச் சேர்க்க வேண்டும். காரணம், புளிப்பு சோடாவோடு சேர்ந்த நொடியிலிருந்து கரியமில வாயு கிளம்ப ஆரம்பிக்கும். மாவை மேசையில் வைத்துவிட்டுத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தால் கேக்கைத் தூக்க வேண்டிய காற்று வீணாகப் போய்விடும். கலக்குவதும் அப்படித்தான். அகப்பையால் அடியிலிருந்து புரட்டி, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கையை எடுத்துவிடுங்கள், அங்கங்கே சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும். மேலும் மேலும் அடித்தால் மாவில் பசை முறுகி, பரோட்டா மாவு போல இழுக்கும். மிக்சர் தேவையே இல்லை.

எட்டங்குல நீளத் தட்டில் ஐம்பது நிமிடம் பிடிக்கும். மேசை மேல் வைக்கிற சின்ன அடுப்பென்றால் மேல் கம்பி கேக்கை உரசாத குறையாக இருக்கும், முப்பதாவது நிமிடத்தில் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள். நாற்பத்தைந்தில் பல்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டினால் இன்னும் நேரம் வேண்டும், இரண்டொரு துணுக்கு ஒட்டினால் எடுத்துவிடலாம். சூட்டோடு வெட்டாதீர்கள். முட்டையில்லாத கேக் ஆற ஆறத்தான் உள்ளே இறுகும். ஒரு மணி நேரம் பொறுக்காதவர்கள் 'வேகவில்லை' என்று குறை சொல்வார்கள், வெந்துதான் இருக்கும்.

ஓவன் இல்லாதவர்கள் இதே மாவை ஆவியில் வேக வைக்கலாம், நேரமும் கிட்டத்தட்ட அதேதான். மூடியில் துணி கட்டினால் தண்ணீர் மேலே சொட்டாது. மேல்புறம் சிவக்காது, அவ்வளவே.

கொழுப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுக் குறிப்புகளில் வெண்ணெய்க்குப் பதில் 'கெட்டியான தேங்காய் எண்ணெய்' என்று எழுதியிருப்பார்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். பினாங்கில் அது நடுராத்திரியிலும் எண்ணெயாகவே நிற்கும். அதை நம்பிக் கேக்குக்கு மேல் கிரீம் பூசினால் பிறந்தநாள் பாட்டு முடிவதற்குள் வழிந்து இறங்கும். ஐஸ்பெட்டியில் இறுக வைத்து பிஸ்கட் மாவுக்குப் பயன்படுத்தலாம், அதுவும் கை வேகமாக ஓட வேண்டும். கேக்குக்குச் சாதாரணச் சமையல் எண்ணெயே நல்லது. மேலே அழகு வேண்டுமென்றால் வறுத்த தேங்காய்த் துருவலைத் தூவுங்கள், வெயில் அதை ஒன்றும் செய்யாது.

மிளகாயை அரைத்து வதக்கும் சம்பாலில் சிக்கல் வேறு. பெலாச்சான் என்ற நொதித்த இறால் விழுது இல்லாவிட்டால் சம்பால் ருசிக்காது என்பது இந்த ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு, அதில் உண்மையும் உண்டு. பெலாச்சான் தருவது உப்பு மட்டுமில்லை, நொதித்த பொருளில் வரும் அந்த ஆழமான சுவையைத் தருகிறது. அதே சுவை நொதித்த சோயாவில், தவ்ச்சு என்று போத்தலில் விற்கிறார்களே, அதில் இருக்கிறது. உலர்ந்த சீனக் காளானிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று தூக்கி விடும்.

தெம்பே 200 கிராம் எடுத்து விரல் நீளத்துக்கு மெல்லிசாக வெட்டுங்கள். வாங்கும்போது அமுக்கிப் பார்த்து, வெள்ளைப் பூஞ்சை இறுக்கமாகப் பிடித்திருப்பதை எடுக்க வேண்டும். கறுப்புப் புள்ளி இருந்தால் பயமில்லை, மூக்கில் காரமாக ஏறும் அமோனியா வாடையோ சிவப்பு, பச்சை நிறமோ இருந்தால் தொடாதீர்கள். மஞ்சளும் உப்பும் பிரட்டி, கொஞ்சம் தாராளமாக எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாகப் பொரித்து எடுத்து வையுங்கள். காய்ந்த மிளகாய் பதினைந்தை விதை தட்டி வெந்நீரில் ஊற வைத்து, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு மூன்று பல், ஊறிய காளான் மூன்று, தவ்ச்சு ஒரு மேசைக்கரண்டி எல்லாவற்றையும் சேர்த்து அரையுங்கள்.

அதே சட்டியில் ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய் இருக்கட்டும், எண்ணெய்க்குக் கஞ்சத்தனம் பண்ணினால் சம்பால் ஆகாது, துவையல்தான் ஆகும். அரைத்ததைப் போட்டுச் சின்ன தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் பச்சை வாடை வந்து கண் எரியும். பிறகு குமிழ் பெரிதாகி மெல்ல வெடிக்கும். கடைசியில் நிறம் கறுத்த சிவப்பாகி, ஓரத்தில் எண்ணெய் தெளிந்து பிரியும். இதற்குக் கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். எண்ணெய் பிரிந்த பிறகு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு துண்டு கூலா மலாக்கா போட்டு, காளான் ஊறிய தண்ணீரையும் கொஞ்சம் விட்டு வற்ற விடுங்கள். தவ்ச்சு உப்பு என்பதால் கடைசியில் ருசி பார்த்துத்தான் உப்பு போட வேண்டும். தெம்பேயைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் பிரட்டினால் மொறுமொறுப்பு போகாது.

சீனர்கள் சைவம் காக்கும் ஒன்பது பேரரசர் திருவிழா நாட்களில் அண்ட்டிக்குக் கொடுப்பதென்றால் வெங்காயமும் பூண்டும் கூடாது. அப்போது இஞ்சியையும் செராய் என்ற எலுமிச்சைப் புல்லையும் கூட்டி அரைப்பேன். அத்தை அதைத்தான் இன்னும் நன்றாக இருக்கிறது என்கிறார், வெங்காயம் உரிக்க வேண்டியதில்லை என்பதால் நான் மறுத்துப் பேசுவதில்லை.

காயா (முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த ஜாம்) கேட்கிற பிள்ளைகளுக்கு மஞ்சள் பூசணி. 300 கிராம் அவித்து மசித்து, கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி, வடிகட்டிய கூலா மலாக்கா 100 கிராம், முடிச்சுப் போட்ட பாண்டான் இரண்டு இலை சேர்த்து அரை மணி நேரம் கிளறினால் ரொட்டியில் தடவும் பதம் வரும். பால்கோவாவுக்கு மட்டும் மாற்றுத் தேடாதீர்கள். சோயா பாலைச் சுண்டக் காய்ச்சினால் சோயாவின் பச்சை வாடைதான் வரும். இனிப்பு வேண்டுமென்றால் தேங்காய் பர்பி செய்யுங்கள், அதில் முதலிலிருந்தே பால் தேவையில்லை.

தெம்பேயில் 100 கிராமுக்குச் சுமார் 19 கிராம் புரதம் இருக்கிறது, புரதத்துக்குக் கவலை வேண்டாம். ஆனால் முழுக்கத் தாவர உணவுக்கே மாறுகிறவர்கள் வைட்டமின் பி12-ஐ மறக்கக் கூடாது. அது செடி உணவில் நம்பும்படி கிடைக்காது. அது சேர்த்த சோயா பாலோ மாத்திரையோ வேண்டும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வெக்கையில் எதையும் மேசையில் விட்டு வைக்காதீர்கள். வாழைப்பழக் கேக் வெளியில் இரண்டு நாள் தாங்காது. துண்டு போட்டு, இடையில் தாள் வைத்து உறைபெட்டியில் வைத்தால் வேண்டும்போது எடுத்து லேசாகச் சுட வைக்கலாம். பிழிந்த தேங்காய்ப்பாலை அன்றே முடித்துவிடுங்கள், மீந்தால் ஐஸ் அச்சில் ஊற்றி உறைய வையுங்கள். தெம்பேயை இலையோடு உறைபெட்டியில் வைக்கலாம், வெட்டும் முன் பாதி இளகினால் போதும், மெல்லிசாக வெட்ட அதுவே வசதி. சம்பால் மட்டும் மேலே எண்ணெய் மிதந்தால் குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம் கெடாது, ஈரக் கரண்டி போடாமல் இருந்தால்.