கடைசித் தெருக் குழாயில் பிடியுங்கள்: ஊராட்சிக் குடிநீர்ப் பரிசோதனையில் நடக்கும் தவறுகள்

தண்ணீர் மாதிரி எடுக்கும்போது நடக்கும் பெரிய தவறு, எடுக்கிற இடத்தில்தான். மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் ஒரு குழாய் இருக்கும், பாட்டிலை அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கடைசித் தெருவுக்குப் போகும் குழாய் பல ஊர்களில் சாக்கடையை ஒட்டியே ஓடுகிறது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாகக் கழிவுநீர் உள்ளே போகும். தொட்டியடியில் பிடித்த பாட்டிலில் இது தெரியவே தெரியாது. தொட்டியில் ஒன்று, தெருவின் நடுவில் ஒன்று, கடைசிக் குழாயில் ஒன்று என்று எடுங்கள். ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் கடைசிக் குழாயில் எடுங்கள்.

அடுத்தது பாட்டில். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் பார்க்கும் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலை அலசவே கூடாது. அதற்குள் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். மாதிரியில் இருக்கும் குளோரினை அது முறித்துவிடும். அது இல்லாவிட்டால், ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் குளோரின் பாட்டிலுக்குள்ளேயே கிருமியைக் கொன்றுவிடும். குடித்த ஜனங்களுக்கு வயிற்றுப்போக்கு, அறிக்கையிலோ 'கிருமி இல்லை'. அப்புறம், இந்தப் பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்துத் திங்கள்கிழமை கொடுப்பதில் பயனே இல்லை.

குளோரின் கதை வேறு. அதை ஆய்வகத்துக்கு அனுப்பக் கூடாது, குழாயடியிலேயே குளோரோஸ்கோப்பில் (நிறத்தை வைத்து குளோரின் அளவைக் காட்டும் சிறு கருவி) பார்த்து எழுத வேண்டும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். சில பதிவேடுகளில் மாதம் முழுக்க 0.2, 0.2 என்று ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருக்கும். வெயிலும் ஈரமும் பட்ட பிளீச்சிங் பவுடரின் வீரியம் நாளுக்கு நாள் குறையும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் போட்டாலும், மூட்டை பழசாக இருந்தால் குழாயில் குளோரின் இருக்காது. அளவு ஒரு நாளாவது மாறாத பதிவேட்டை நான் நம்ப மாட்டேன்.

டி.டி.எஸ். மீட்டரை முக்கி, '300, நல்ல தண்ணீர்' என்று சொல்வதும் தவறு. அந்த மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டும்தான் காட்டும். கிருமியும் தெரியாது, ஃபுளோரைடு தனியாகவும் தெரியாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். பார்வைக்குத் தெளிவாக இருந்த போர் தண்ணீர்தான் பல்லில் கறையையும் எலும்பில் வலியையும் தந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடு காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 சொல்லும் இரண்டு அளவுகளையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0, அனுமதிக்கும் உச்ச அளவு 1.5 மில்லிகிராம். இரண்டாவது எண், வேறு நீராதாரமே இல்லாதபோது மட்டும். 1.4 வந்தால் 'பாஸ்' என்று எழுதிக் கோப்பை மூடக் கூடாது, வேறு ஆதாரத்தைத் தேட வேண்டும். நைட்ரேட்டுக்கு 45 மட்டும்தான், அதற்கு மேல் சலுகை கிடையாது. மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கெட்ட முடிவு வந்தால் வேறு குழாயில் பிடித்து நல்ல முடிவு வாங்கிக்கொள்வது எல்லாவற்றிலும் மோசம். மறுமாதிரி எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதே குழாயில். அதற்குள் குளோரினைச் சரிசெய்து, காய்ச்சிக் குடிக்கும்படி அன்றைக்கே தெருவில் சொல்லியாக வேண்டும். பரிசோதனை முடிவை இணையதளத்தில் ஏற்றியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். குடத்தோடு நிற்கும் பெண் அந்த இணையதளத்தைப் பார்ப்பதில்லை. மார்ச் 22 கிராம சபை உலகத் தண்ணீர் தினத்தில்தான் கூடுகிறது. எந்தத் தெருக் குழாயில் எந்தத் தேதியில் என்ன வந்தது என்று அங்கே வாசியுங்கள், தொட்டிச் சுவரிலும் எழுதிப் போடுங்கள்.