டிசபிலிட்டி பென்ஷன் நின்றால், குறைந்தால், ரெக்கவரி வந்தால்: முன்னாள் படைவீரர் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியில் இருந்தபோது ஏற்பட்ட காயத்துக்கோ நோய்க்கோ ராணுவம் தரும் டிசபிலிட்டி பென்ஷன் ஒரு மாதம் வராமல் போனால் வீடு ஆடிப்போகும். தெரிந்த சுபேதார் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன முகவரிக்கு உடனே ஒரு மனு போவதும் வழக்கம்தான். அந்த மனு தவறான மேஜைக்குப் போய்விட்டால் மாதக்கணக்கில் பதில் வராது. வந்தாலும் 'சம்பந்தப்பட்ட அலுவலகத்தை அணுகவும்' என்ற ஒரு வரிதான் வரும். எல்லாத் தவறுகளுக்கும் மூத்த தவறு இது என்று நினைக்கிறேன்: பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமலே எழுதுவது.

இடங்கள் மூன்று. பென்ஷன் உண்டா இல்லையா, எத்தனை சதவீதம் என்பதெல்லாம் மெடிக்கல் போர்டு என்ற ராணுவ மருத்துவர் குழுவின் கருத்தை வைத்து முடிவெடுக்கும் அதிகாரிகளின் கையில். பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர், பணி விவரம் ஆகியவை அவரவர் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் இருந்தவர் என்றால் நீலகிரி வெலிங்டன். பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையைப் போடுவதும் மாதாமாதம் பணம் அனுப்புவதும் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம். ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளத்தை நடத்துவது அவர்கள்தான். முன்பு பென்ஷனைக் கணக்குப் போட்டுக் கொடுத்தது வங்கி. ஸ்பர்ஷுக்கு மாறிய பிறகு வங்கியில் இருப்பது உங்கள் கணக்கு மட்டும்தான். இன்னும் பலர் கிளை மேலாளரிடம் போய்ச் சண்டை போடுகிறார்கள், அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

மனைவி பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். சதவீதம் சரியாக இருந்தும் பணம் குறைந்தால் ஸ்பர்ஷில் புகார். சதவீதமே தவறு என்றால் அது மேல்முறையீட்டு விஷயம். ஸ்பர்ஷில் நூறு புகார் போட்டாலும் மெடிக்கல் போர்டின் முடிவு மாறாது.

பென்ஷன் ஸ்லிப்பைப் படிக்காமல் இருப்பது

வங்கிக் கணக்கில் விழும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு 'வந்துவிட்டது' என்று இருந்துவிடுகிறோம். டிசபிலிட்டி பென்ஷனில் இரண்டு பகுதிகள் உண்டு: செய்த பணிக்கான சர்வீஸ் எலிமெண்ட், பாதிப்புக்கான டிசபிலிட்டி எலிமெண்ட். ஸ்பர்ஷில் ஸ்லிப்பை இறக்கி, இரண்டும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியிலிருந்து ஸ்பர்ஷுக்கு விவரங்களை மாற்றியபோது வரிகள் விடுபட்டிருக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே வராது, ஏனென்றால் அடுத்து உயரும் அகவிலைப்படி அந்த இடைவெளியை மறைத்துவிடும்.

கணக்கு ஒன்றும் கஷ்டமானது இல்லை. நூறு சதவீத பாதிப்புக்கு, கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30 சதவீதம். அதற்குக் குறைந்த பாதிப்புக்கு அந்த விகிதத்தில். கடைசி ஊதியம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீதத்துக்கு 15,000. போர்டு 40 சதவீதம் என்று சொல்லியிருந்தால் 6,000. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். விதிப்படி சதவீதத்தை மேல்நோக்கி முழுமைப்படுத்த வேண்டும்: 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, 76 முதல் 100. அப்படியானால் 40 என்பது 50 ஆகி, தொகை 7,500 ஆகிறது. மாதம் 1,500 வித்தியாசம். அதன் மேல் அகவிலைப்படி வேறு.

இந்த முழுமைப்படுத்தல் முதலில் உடல்நலக் காரணத்தால் பாதியிலேயே பணியிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பர் 10 அன்று சொன்னது. அதற்குப் பிறகும் பழைய ஓய்வூதியர்கள் பலர் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை போய்த்தான் அதை வாங்கினார்கள். உங்கள் பி.பி.ஓ.வில் போர்டு சொன்ன சதவீதம் எது, கொடுக்கப்படும் சதவீதம் எது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மாதாமாதம் ஒரே தொகை பிடிக்கப்படுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அது கம்யூட்டேஷன், அதாவது ஓய்வு பெறும்போது மொத்தமாக வாங்கிய தொகைக்கான பிடித்தம். 15 ஆண்டுகள் முடிந்ததும் அது நின்றுவிட வேண்டும். அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

'இல்லை' என்ற கடிதத்தை மடித்து வைத்துவிடுவது

எனக்கு அதிக வருத்தம் தரும் தவறு இதுதான். 'பணியால் ஏற்பட்டதுமல்ல, பணியால் மோசமானதுமல்ல' என்று ஒரு கடிதம் வரும். அலுவலகங்களில் அதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'நானா' (NANA) என்றே சுருக்கிச் சொல்வார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, மனநலப் பிரச்சினை போன்றவற்றுக்கு இந்தப் பதில் அடிக்கடி வருகிறது. இருபது வருடம் பனியிலும் பாலைவனத்திலும் நின்றவர், 'பெரிய டாக்டர்களே சொல்லிவிட்டார்கள்' என்று அதை டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுகிறார்.

தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். படையில் சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனையில் அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், சேர்ந்தபோது அவர் ஆரோக்கியமாக இருந்தார் என்றுதான் கொள்ள வேண்டும். பணிக்குச் சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது இல்லை. போர்டும் காரணத்தை எழுத வேண்டும், வெறுமனே 'சம்பந்தமில்லை' என்று விட்டுவிட முடியாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு பணியை விட்டு வந்தவர்களுக்கு, பழைய விதிகளை வைத்து வந்த தீர்ப்புகள் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் மாதிரி மனுவில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் முன், நீங்கள் எந்த விதிக்குள் வருகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு போய்விட வேண்டும். அதற்கு மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகல் வேண்டும். நகல் இல்லாமல் எழுதும் மேல்முறையீடு பெரும்பாலும் 'நான் இவ்வளவு கஷ்டப்பட்டேன்' என்பதோடு நின்றுவிடும். நகல் கையில் இல்லை என்றால் ரெக்கார்டு ஆபீஸுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த நகலில் நோய் எந்த ஆண்டு, எந்த ஊரில் பணியில் இருந்தபோது தொடங்கியது என்று ஒரு கட்டம் இருக்கும். அதுதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. சேர்ந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, உயரமான மலைப்பகுதியில் பணியில் இருந்தபோது தொடங்கியது என்று போர்டே எழுதியிருந்தும் முடிவில் 'சம்பந்தமில்லை' என்று இருந்தால், அந்த முரண்பாட்டை உங்கள் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

மேல்முறையீட்டுக்கு 6 மாதம் பதிலே இல்லை என்றாலும் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, தீர்ப்பாயத்துக்குப் போக வழி திறந்துவிடுகிறது. சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இலவச வழக்கறிஞருக்கு உரிமை தருகிறது. இறந்துபோன வீரருடைய மனைவி அதைத் தயங்காமல் கேட்கலாம்.

காலம் போனால் என்ன ஆகும் என்பதற்கு தர்சேம் சிங் வழக்கே போதும். 1983-ல் மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டவர், 1999-ல்தான் நீதிமன்றம் போனார். பென்ஷன் உரிமை உண்டு. ஆனால் நிலுவையை, வழக்குப் போடுவதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சுருக்கிவிட்டது. மற்ற ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். அதன் பிறகு எத்தனையோ வழக்குகளில் இதே தீர்ப்பைக் காட்டி அரியர்ஸை 3 ஆண்டாக வெட்டியிருக்கிறார்கள்.

லைஃப் சர்டிபிகேட் போட்டும் பென்ஷன் நிற்பது

'நான்தான் கைரேகை வைத்தேனே' என்பார்கள். வைத்திருப்பார்கள். ஆனால் இணையவழி லைஃப் சர்டிபிகேட் தளமான ஜீவன் பிரமாணில், பென்ஷன் வழங்கும் அமைப்பு என்று கேட்கும் இடத்தில், பழைய பழக்கத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். சான்றிதழ் வங்கிக்குப் போய்விடும், பிரயாக்ராஜுக்குப் போகாது. அங்கே ஸ்பர்ஷ் என்று தொடங்கும் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பி.பி.ஓ. எண் கேட்கும் இடத்தில் ஸ்பர்ஷ் தந்த புதிய எண்ணைத்தான் போட வேண்டும், பழைய புத்தகத்தில் இருப்பதை அல்ல. இ-சேவை மையத்தில் அமர்ந்திருக்கும் பையனுக்கு இது தெரியாமல் இருக்கலாம். பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துச் சொல்லுங்கள். எல்லாருக்கும் நவம்பர்தான் என்றும் நம்பி இருக்காதீர்கள், உங்கள் ஸ்பர்ஷ் கணக்கில் கெடு தேதி எது என்று பாருங்கள். சான்றிதழ் ஏற்கப்பட்டதா என்பதையும் சில நாள் கழித்து அங்கேயே பார்த்துவிடுங்கள்.

'உங்கள் லைஃப் சர்டிபிகேட் முடியப்போகிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

ரெக்கவரிக் கடிதத்துக்குப் பயந்து தலையாட்டுவது

கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதம் வந்தால் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. ஒருவர் பயந்து போய் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறார். இன்னொருவர் கடிதத்தைப் பிரிப்பதே இல்லை, பிடித்தம் தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொள்கிறார். உடனே, எழுத்தில் கேட்க வேண்டியது இதுதான்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த எலிமெண்டில், எந்த உத்தரவின்படி. கூடவே டியூ டிரான் ஸ்டேட்மெண்ட் கேளுங்கள், அதாவது மாதாமாதம் வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்ற பட்டியல். அது வந்தால்தான் கடன் உண்மையா, கணக்குப் பிழையா என்றே தெரியும்.

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. ரஃபீக் மசீஹ் வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், ஊழியரின் தவறு இல்லாமல் கூடுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை எந்தெந்தச் சூழ்நிலையில் திருப்பிக் கேட்கக் கூடாது என்று வரிசைப்படுத்தியது. ஓய்வு பெற்றவர்கள், கீழ்நிலைப் பிரிவு ஊழியர்கள், 5 ஆண்டுக்கு மேல் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்த பணம் எல்லாம் அதில் வருகின்றன. இதை மட்டும் படித்துவிட்டு 'தொட முடியாது' என்று இருந்துவிட வேண்டாம். 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், 'கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்' என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. அங்கேகூட, நியாயமான தவணைகளில் 2 ஆண்டில் வாங்கச் சொன்னார்கள். பென்ஷன் கணக்கு தொடங்கியபோது எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கொடுத்தே ஆக வேண்டிய கடன் என்றாலும், தவணையைக் குறைக்கச் சொல்லி, மருந்துச் செலவுக் கணக்கோடு விண்ணப்பியுங்கள்.

கணக்கில் திடீரென்று விளக்கமில்லாத பெரிய தொகை விழுந்தால் செலவு செய்யாமல் ஒதுக்கி வையுங்கள், 'இது எதற்கு வந்தது' என்று அன்றைக்கே ஸ்பர்ஷில் கேள்வி போடுங்கள். நீங்கள் மறைக்கவில்லை என்பதற்கு அந்தக் கேள்வியே சாட்சி. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை வாங்கிய பிறகும் மாதாந்திர மருத்துவப்படி வந்துகொண்டிருந்தால் அதையும் நீங்களே சொல்லி நிறுத்திவிடுவது நல்லது.

பென்ஷனை அடகு வைப்பது

பணம் தாமதமாகும் மாதங்களில் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அரியர்ஸில் இத்தனை சதவீதம் என்று இடைத்தரகருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவுப்படி கடன்காரர் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. இனிமேல் வரவேண்டிய பென்ஷனை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் 12-ஆம் பிரிவுப்படி அது செல்லாது. எழுதிக் கொடுத்துவிட்டவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டையைத் தொலைந்ததாக வங்கியில் சொல்லிப் பொய் வழி தேட வேண்டாம், ரகசிய எண்ணை மாற்றிப் புது அட்டை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தரகர் செய்யும் வேலையை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காசில்லாமல் செய்து தருவார்கள். ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் நாளில் மனுவை நேரில் கொடுத்து, எண் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளலாம்.

இறப்பைச் சொல்லத் தாமதிப்பது

துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவிருக்காது. ஆனால் வீரர் இறந்த பிறகும் கணக்கில் விழும் பென்ஷன் திருப்பிக் கேட்கப்படும், மனைவியின் குடும்ப ஓய்வூதியம் தொடங்கும் நேரத்திலேயே அந்தப் பிடித்தமும் வந்து நிற்கும். இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் ஸ்பர்ஷில் பதிவு செய்யுங்கள், ரெக்கார்டு ஆபீஸுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இறப்புக்குக் காரணம் அவருக்கு ஏற்கப்பட்டிருந்த அதே பாதிப்பு என்றால், மருத்துவமனையில் தரும் இறப்புக் காரணச் சான்றையும் சிகிச்சைத் தாள்களையும் பத்திரப்படுத்துங்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியத்தைவிட அதிகமான சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்பதற்கு அந்தத் தாள்கள்தான் ஆதாரம்.