‘கிரீக்’ என்று வந்ததும் ‘ஓடை’ என்று எழுதிவிடாதீர்கள்

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பு என் பார்வைக்கு வந்தது. ஆங்கிலத்தில் ‘எண்ணூர் கிரீக்’ (creek) என்றிருந்தது, தமிழில் முதல் பத்தியிலேயே ‘எண்ணூர் சிற்றோடை’. எழுதியவர் இந்த வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆங்கிலம் தெரியும், தமிழும் நன்றாக வருகிறது. ஏன் இப்படி என்று கேட்டேன். “அகராதியில இதுதானே அக்கா முதல்ல இருக்கு?” என்றார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒற்றுப் பிழை, எழுத்துப் பிழையெல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். சின்ன நீர்வழிகளுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொற்கள், அதிலும் ‘கிரீக்’, எங்கே காலை வாரிவிடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எல்லா இடத்திலும் ‘ஓடை’ போடுவது

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, இங்கிலாந்தின் கென்ட் கடலோரத்தில் நடக்கும் ஒரு கதை. காலையில் படகுகள் கிரீக்கின் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும். மதியம் நீர் நிறைந்து அவை மிதக்கும். நான் ‘ஓடை’ என்று எழுதிக் கொடுத்தேன். பிரதியைச் செம்மை செய்தவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது: காலையில் சேறாகக் கிடந்த ஓடை மதியத்துக்குள் எப்படி நிரம்பும்? ‘மேற்கே பெய்த மழையால்’ என்று அவராகவே சேர்த்துவிட்டார். புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். கதையில் மழையே கிடையாது. அடுத்த பக்கத்தில் வெயிலில் துணி காயப் போடுகிறார்கள். அவர்மேல் குற்றமில்லை, நான் போட்ட சொல்லுக்கு அவர் காரணம் தேடினார். அந்தப் பக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பிரிட்டனில் கிரீக் என்றால், கடல் நிலத்துக்குள் ஒடுக்கமாக நுழைகிற இடம். ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும், இறங்கினால் சேறு தெரியும். கென்ட்டில் ஃபேவர்ஷாம் ஊருக்குச் சரக்குப் படகுகள் இப்படியொரு கிரீக் வழியாக, ஓதம் பார்த்துத்தான் வந்துபோயின. லண்டனில் ரேவன்ஸ்போர்ன் ஆறு தேம்ஸில் சேருகிறது. ஓதம் ஏறி இறங்கும் அதன் கடைசிப் பகுதிக்கு மட்டும் டெட்ஃபோர்டு கிரீக் என்று பெயர்.

சொல்லின் பிறப்பிலும் ஓடை இல்லை. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் இருந்த ‘கிரிக்கி’ என்ற சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்கிறார்கள். மூலை, இடுக்கு என்று பொருள். ‘மூலைமுடுக்கு’ என்கிறோமே, அந்த முடுக்கு. கடல் புகுந்துகொண்ட முடுக்கு.

ஓடை என்ற பொருள் அட்லாண்டிக்கைத் தாண்டிய பிறகு வந்தது. 1620களிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்தில் அது தென்படுகிறது. குடியேறியவர்கள் கரையோரத்தில் கண்ட நீர்வாய்க்குக் கிரீக் என்று பெயர் வைத்திருக்கலாம், உள்ளே போகப் போக அது நன்னீர் ஓடையாக நீண்டபோதும் பெயர் அப்படியே நின்றிருக்கலாம். ஆஸ்திரேலியாவில் கதை இன்னும் விரிகிறது. அங்கே கூப்பர் கிரீக் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1845இல் அதற்குப் பெயர் வைத்த பயண ஆய்வாளர் சார்லஸ் ஸ்டர்ட், தான் பார்த்தபோது நீரோட்டம் இல்லை என்பதால் அதை ஆறு என்று குறிக்கவில்லை. அதைச் ‘சிற்றோடை’ என்று எழுதினால் வாசகர் கண்ணில் என்ன தெரியும்?

சரி, எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம் அது. ஓதம் ஏறினால் நீர் கடலிலிருந்து உள்ளே போகும். இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். ‘சிற்றோடை’ என்றதும் அது தாண்டிக் குதிக்கிற வாய்க்காலாகச் சுருங்கிவிடுகிறது. அனல்மின் சாம்பல் அங்கே படிகிறது என்ற செய்தியின் கனமும் கூடவே போய்விடுகிறது. நமக்குச் சொல் இல்லாமலா? கழி, உப்பங்கழி, கழிமுகம் எல்லாம் இருக்கின்றன. சங்கப் பாட்டின் நெய்தல் நிலத்தில் ‘இருங்கழி’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. மும்பையை ஒட்டிய தானே கிரீக், கட்ச் எல்லையில் இந்தியாவும் பாகிஸ்தானும் தகராறு செய்யும் சர் கிரீக், துபாய் கிரீக் மூன்றும் இதே வகைதான், உப்புநீர்க் கழிகள்.

எழுதுவதற்கு முன் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நீர்வழியின் ஒரு முனை கடலைத் தொடுகிறதா? பக்கத்து வரிகளில் ஓதம், சேறு, அலையாத்தி வருகிறதா? அப்படியானால் கழி. மலைச்சரிவு, கூழாங்கல், குதிரை தண்ணீர் குடிப்பது என்று வந்தால் ஓடை. அப்புறம், மூலத்தை எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்றும் பாருங்கள்.

கிரீக் மக்களைக் கிரேக்கர் ஆக்குவது

தமிழ் எழுத்தில் ‘கிரீக்’ என்று எழுதினால் கிரேக்கத்துக்கான ஆங்கிலச் சொல்லும் அதேதான். அமெரிக்கத் தென்கிழக்கின் பூர்வகுடிகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் ‘கிரேக்கர்கள்’ என்று திருத்தியே அச்சிட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒச்சீஸ் கிரீக் கரையில் வாழ்ந்தவர்களை ஆங்கிலேய வணிகர்கள் ‘கிரீக்’ என்று அழைக்கப்போய் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது மஸ்கோகி. அப்படியே எழுதுங்கள்.

‘ரிவுலெட்’டை ‘ரிவர்’ பெற்ற பிள்ளை என்று விளக்குவது

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் ‘ரிவர்’ லத்தீனில் கரையைக் குறிக்கும் ‘ரீபா’விலிருந்து வந்தது. சிற்றோடையைக் குறிக்கும் ‘ரிவுலெட்’டின் வேர், ஓடை என்று பொருள்படும் ‘ரீவுஸ்’. இதே ரீவுஸிலிருந்துதான் போட்டியாளரைக் குறிக்கும் ‘ரைவல்’ பிறந்தது, ஒரே ஓடையின் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்பவர் என்ற பொருளில். நம் ஊரில் ‘பங்காளி’ என்ற சொல்லோடு சண்டையும் சேர்ந்தே வருவதை நினைத்துக்கொள்வேன். எனக்கு மிகவும் பிடித்த சொல்வரலாறு இது.

‘புரூக்’ வினைச்சொல்லாக வந்தால்

பொறுத்துக்கொள்வது. ஓடையைக் குறிக்கும் ‘புரூக்’குக்கும் அதற்கும் வேர் வேறு.

ஸ்காட்லாந்தில் ‘பர்ன்’

ஓடை. நெருப்பு அல்ல.

நியூயார்க் பக்கத்து ‘கில்’

கொலை இல்லை. டச்சுக்காரர்கள் நீர்க்காலுக்கு வைத்திருந்த சொல். கேட்ஸ்கில், ஸ்கூல்கில் எல்லாம் அப்படி வந்தவை. ஊர்ப்பெயரை மொழிபெயர்க்காதீர்கள்.